முதல் முறை மௌன தியானத்துக்குப் போகிறவருக்கு

கேள்வி கேட்ட சகோதரி திருநெல்வேலிப் பக்கம் சி.எஸ்.ஐ. என்கிற தென்னிந்தியத் திருச்சபைக் குடும்பத்தில், அதாவது புராட்டஸ்டண்ட் குடும்பத்தில் வளர்ந்தவர். இப்போது சென்னையில் வேலை. கூட வேலை பார்க்கும் கத்தோலிக்கத் தோழி ஒருவர், வெள்ளிக்கிழமை சாயங்காலம் தொடங்கி ஞாயிறு மத்தியானம் முடிகிற மௌன தியானம் ஒன்றுக்கு அவரைக் கூப்பிட்டிருக்கிறார். அவர் கேட்பது மூன்று விஷயங்கள். இரண்டு நாள் பேசாமல் இருக்கத் தன்னால் முடியுமா? அங்கே என்னதான் நடக்கும்? "தியானமெல்லாம் நம்ம வழக்கமே இல்லையே, உபவாச ஜெபத்துக்குப் போனா ஆகாதா?" என்று கேட்கும் அம்மாவுக்கு என்ன சொல்வது?

நான் கத்தோலிக்கன். என் மனைவி பாளையங்கோட்டைப் பக்கத்து சி.எஸ்.ஐ. குடும்பம். அதனால் இந்தக் கேள்வி எங்கள் வீட்டிலேயே கேட்கப்பட்டு, பல நாள் பேசப்பட்ட கேள்விதான். இருபது வருஷமாக வருஷத்துக்கு ஒரு தடவையாவது இப்படி இரண்டு மூன்று நாள் போய் இருந்து வருகிறேன். சில வருஷமாக நடத்துகிற ஃபாதருக்கு ஒத்தாசையாகவும் போகிறேன். மணி அடிப்பது, நாற்காலி போடுவது, வருகிறவர்களுக்கு அறை காட்டுவது என் வேலை. அந்த அனுபவத்தில் இருந்து சொல்கிறேன்.

அம்மாவின் கேள்வியில் இருந்தே தொடங்குவோம், அதுதான் பெரிய கேள்வி.

அம்மாவுக்கு முதலாம் சங்கீதம் மனப்பாடமாகத் தெரிந்திருக்கும். "இரவும் பகலும் அவருடைய வேதத்தில் தியானமாயிருக்கிற மனுஷன் பாக்கியவான்" என்று அதில் வருகிறது. ஆதியாகமம் 24இல் ரெபெக்காள் ஒட்டகத்தில் வந்து சேரும்போது ஈசாக்கு எங்கே இருந்தார்? "சாயங்காலவேளையில் தியானம்பண்ண வெளியிலே போயிருந்து" என்று இருக்கிறது. அம்மா சின்ன வயதில் இருந்து வாசிக்கிற அதே வேதாகமத்தில், அதே தமிழில் இந்தச் சொல் இருக்கிறது. வெளியில் இருந்து வந்த சொல் அல்ல.

சங்கீதத்தில் வரும் எபிரெயச் சொல் 'ஹாகா'. அதற்குத் தாழ்ந்த குரலில் முணுமுணுப்பது என்று பொருள். ஏசாயா 31இல் சிங்கம் தன் இரையின்மேல் நின்று உறுமுவதற்கும் இதே சொல்தான். ஆக, வேதாகமம் சொல்கிற தியானம் என்பது மனதைக் காலி செய்துவிட்டு வெறுமனே உட்காருவது இல்லை. ஒரு வசனத்தை வாயில் போட்டுக்கொண்டு, விடாமல், மெதுவாக மென்றுகொண்டே இருப்பது. நம் பாட்டிமார் அடுப்படியில் நின்றுகொண்டே ஒரு வசனத்தை உதட்டுக்குள் சொல்லிக்கொண்டிருப்பார்கள் அல்லவா, அதுதான். என் மாமியாரிடம் இதைச் சொன்னபோது, "இதையா நீங்க தியானம்னு சொல்லுதீங்க? இது எங்க அம்மா தெனமும் பண்ணினதுல்லா!" என்றார்.

இதற்கு ஒரு நீண்ட வரலாறும் உண்டு. 4ஆம் நூற்றாண்டில் எகிப்துப் பாலைவனத்தில் வாழ்ந்த துறவிகளிடம் பழகிவிட்டு, பிற்பாடு பிரான்சின் மார்செய்யில் மடம் அமைத்தவர் யோவான் காசியன். ஒரே ஒரு வசனத்தை எடுத்துக்கொண்டு, எழும்போதும் படுக்கும்போதும் வேலையிலும் அதையே சொல்லிக்கொண்டிரு என்று அந்தத் துறவிகள் சொல்லிக்கொடுத்ததை அவர் எழுதி வைத்தார். அந்த வசனம் 70ஆம் சங்கீதத்தின் முதல் வரி: "தேவனே, என்னை விடுவியும், கர்த்தாவே, எனக்குச் சகாயஞ்செய்யத் தீவிரியும்." இன்றைக்கும் கத்தோலிக்கத் துறவிகளின் வேளை ஜெபங்கள் இந்த வசனத்தோடுதான் தொடங்குகின்றன. காலப்போக்கில் சாதாரண விசுவாசிகள் இதை மறந்துவிட்டார்கள். 1950களில் மலாயாவில் வேலை பார்த்த ஜான் மெயின் என்பவர், கோலாலம்பூரில் சுவாமி சத்தியானந்தாவிடம் ஒரு சொல்லைத் திரும்பத் திரும்பச் சொல்லி அமைதியாக அமரும் முறையைக் கற்றார். பிறகு அவரே பெனடிக்ட் சபைத் துறவியாகி, காசியனைப் படித்தபோது, அதே வழி தன் சொந்த வீட்டிலேயே இருந்ததைக் கண்டார். அவர் எடுத்துக்கொண்ட சொல் 'மாரநாதா'. 'எங்கள் ஆண்டவரே, வாரும்' என்று பொருள்படும் அரமேயிக்கச் சொல் அது. கொரிந்தியருக்கு எழுதிய முதல் நிருபத்தின் கடைசியில் பவுல் அதை மொழிபெயர்க்காமல் அப்படியே விட்டிருக்கிறார். இன்று பல தியான வீடுகளில் உங்களுக்குச் சொல்லித்தருவது இந்தச் சொல்லாகத்தான் இருக்கும். மா, ர, நா, தா என்று நான்கையும் ஒரே அளவில், மூச்சோடு சேர்த்து, மனசுக்குள். கவனம் எங்கோ போய்விட்டது என்று தெரிந்ததும், வருத்தப்படாமல் மறுபடி அதே சொல்லுக்குத் திரும்பி வர வேண்டும். முறை இவ்வளவுதான்.

இன்னொன்றையும் அம்மாவுக்குச் சொல்லுங்கள். கத்தோலிக்கர்களான நாங்கள் 'தியானத்துக்குப் போயிட்டு வந்தேன்' என்று சொன்னால், கண்ணை மூடி உட்கார்ந்துவிட்டு வந்தோம் என்று அர்த்தம் இல்லை. வேலையை, வீட்டை விட்டு விலகி, ஜெபத்துக்கென்று சில நாள் ஒதுங்கி இருந்ததற்கு மொத்தமாகவே அதுதான் பெயர். தவக்காலத்தில் பங்குக் கோயிலில் நடப்பதும் தியானம், பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடத்தில் வைப்பதும் தியானம். பழைய கத்தோலிக்க வீடுகளிலும் இலங்கைத் தமிழ்க் கத்தோலிக்கரிடமும் இதற்கு 'ஞான ஒடுக்கம்' என்று ஒரு பெயர் உண்டு. எனக்கு இந்தச் சொல்தான் அதிகம் பிடிக்கும். பேச்சு ஒடுங்கி, பரபரப்பு ஒடுங்கி, ஓர் இடத்தில் அடங்கி இருப்பது. சீஷர்கள் ஊர் ஊராய்ப் போய்விட்டுக் களைத்துத் திரும்பியபோது, "வனாந்தரமான ஓரிடத்தில் தனித்துச் சற்றே இளைப்பாறும்படி போவோம் வாருங்கள்" என்று இயேசு கூப்பிட்டார். நீங்கள் போகப்போவது அந்த அழைப்புக்குத்தான்.

உபவாச ஜெபம் வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. அது ஆண்டவரிடம் நாம் பேசுகிற இடம், கூட்டமாகக் கூவி அழைக்கிற இடம். அதுவும் வேண்டியதுதான். பேசி முடித்த பிறகு, எதிரே இருப்பவர் சொல்வதைக் கேட்கவும் கொஞ்ச நேரம் வேண்டும் அல்லவா? அதற்கான இரண்டு நாள் இது.

சரி, அங்கே என்ன நடக்கும்?

வீட்டுக்கு வீடு நேரம் மாறும். பொதுவாக வெள்ளி சாயங்காலம் ஆறு மணிக்குள் வந்து சேரச் சொல்வார்கள். சின்ன அறை, ஒரு கட்டில், ஒரு மேசை, ஒரு சிலுவை, கொடியில் ஒரு துண்டு. இரவுச் சாப்பாட்டில் எல்லோரும் பேசலாம். எந்த ஊர், என்ன வேலை, யார் கூப்பிட்டார்கள் என்பதெல்லாம் அங்கே வந்துவிடும். அதற்கப்புறம் ஜெப அறையில் கூடுவார்கள். ஃபாதரோ சிஸ்டரோ இரண்டு நாளையும் எப்படிக் கழிப்பது என்று விளக்கி, ஒரு வேத பகுதியை வாசித்து, இரவு ஜெபம் முடித்ததும் மணி அடிப்பார்கள். அந்த மணியில் மௌனம் தொடங்குகிறது. நான் எத்தனையோ முறை அடித்துவிட்டேன், ஆனால் ஒவ்வொரு முறையும் கயிற்றைப் பிடிக்கும்போது எனக்கு உடம்பு சிலிர்க்கும். அதுவரை வரண்டாவில் கேட்ட செருப்புச் சத்தம்கூட அதற்கப்புறம் மாறிவிடும்.

சனிக்கிழமை ஐந்தரைக்கு எழுப்புவார்கள். ஆறு மணிக்கு அரை மணி நேரம் சேர்ந்து தியானம், பிறகு திருப்பலி, காலைச் சாப்பாடு. ஒன்பதரை வாக்கில் ஒரு சின்ன உரை, முப்பது நாற்பது நிமிஷம். உரை முடிந்ததும் ஒரு வேத பகுதியைக் கொடுத்து, தனியாக எங்காவது போய் ஒரு மணி நேரம் அதனோடு இருங்கள் என்பார்கள். மரத்தடி, மொட்டை மாடி, அறை, எங்கே வேண்டுமானாலும். இப்படி நாளைக்கு மூன்று நான்கு முறை தனி ஜெபம், இரண்டு மூன்று முறை கூட்டுத் தியானம், நடுவில் ஓய்வு, நடை, டீ. சனி இரவு பெரும்பாலும் நற்கருணை ஆராதனை இருக்கும். ஞாயிறு திருப்பலிக்குப் பிறகு வட்டமாக உட்கார்ந்து, விருப்பப்பட்டவர்கள் பகிர்ந்துகொள்வார்கள். மத்தியானச் சாப்பாட்டில் மௌனம் கலையும்.

உட்காருவதைப் பற்றிப் பலருக்குப் பயம் இருக்கிறது. சப்பணம் போட முடியவில்லையா, நாற்காலியில் உட்காருங்கள். முதுகு நேராக, இரண்டு பாதமும் தரையில், கை மடியில். முழங்கால் வலியோடு தரையில் உட்கார்ந்து அரை மணி நேரம் வலியையே தியானிப்பதில் ஒரு பயனும் இல்லை.

தனி ஜெபத்தில் கொடுக்கிற வேத பகுதியை எப்படிக் கையாள்வது என்பதில் பெரும்பாலான வீடுகள் லயோலா இஞ்ஞாசியாரின் வழியில் போகின்றன. அவர் ஸ்பெயின் நாட்டுப் போர்வீரர். 1521இல் பம்ப்லோனா போரில் பீரங்கிக் குண்டு காலைச் சிதைத்தது. படுக்கையில் கிடந்தபோது மனம் மாறி, அடுத்த வருஷம் மன்ரேசா என்ற ஊரில் பல மாதம் தங்கி ஜெபித்தார். அங்கே தனக்கு நடந்ததைக் குறிப்பெடுத்ததில் இருந்து வளர்ந்ததுதான் 'ஆன்மப் பயிற்சிகள்' என்ற ஜெப வழிகாட்டி நூல். திருத்தந்தை மூன்றாம் பவுல் அதை 1548இல் அங்கீகரித்தார். முழுதாகச் செய்தால் முப்பது நாள். எட்டு நாளாகச் சுருக்கியதும் உண்டு. நீங்கள் போகும் வார இறுதி அதில் ஒரு கைப்பிடி. அவர் சொல்லும் முறை எளிது. குருடன் பர்திமேயு கதையை எடுத்தால், எரிகோவின் அந்தச் சாலையில் நீங்களும் போய் நில்லுங்கள். தூசி, வெயில், கூட்டத்தின் வியர்வை, "சும்மா இரு" என்று அதட்டுகிறவர்களின் முகம். நீங்கள் யார் பக்கத்தில் நிற்கிறீர்கள்? பிறகு இயேசு "உனக்கு என்ன செய்யவேண்டுமென்றிருக்கிறாய்" என்று கேட்கும்போது, அந்தக் கேள்வி உங்களைப் பார்த்து வருகிறது. பதில் சொல்லுங்கள். நிறைய தெரிந்துகொள்வதால் ஆன்மா நிறைவதில்லை, உள்ளே ருசித்தால்தான் நிறையும் என்பது இஞ்ஞாசியாரின் எண்ணம். ஒரு வரியிலேயே மனம் நின்றுவிட்டால் அடுத்த வரிக்குப் போகாதீர்கள். ஒரு மணி நேரமும் அந்த ஒரு வரியிலேயே போனாலும் சரி. சி.எஸ்.ஐ.யில் வளர்ந்தவர்கள் வேதாகமத்தைக் கத்தோலிக்கர்களான எங்களை விட நன்றாக அறிந்தவர்கள். அது உங்களுக்கு பலம், சில சமயம் இடைஞ்சலும். இந்த வசனத்துக்கு இணையான வசனம் எங்கே என்று மனம் தேட ஆரம்பித்துவிடும். இரண்டு நாளைக்கு அதை விட்டுவிடுங்கள்.

சனிக்கிழமை மத்தியானத்தைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். முதல் முறை வருகிறவர்கள் பை கட்டுகிற நேரம் அதுதான்.

காலை நன்றாகவே போகும். புதிய இடம், பறவைச் சத்தம், மனசு லேசாக இருக்கும். மத்தியானம் சாப்பிட்டு, கொஞ்சம் படுத்து எழுந்து, இரண்டரை மூன்று மணிக்கு மறுபடி தனி ஜெபத்துக்கு உட்காரும்போது ஒன்றுமே ஓடாது. மின்விசிறி சுற்றுகிற சத்தம் மட்டும் கேட்கும். வாட்சைப் பார்த்தால் நான்கு நிமிஷம் ஆகியிருக்கும். டீக்கு இன்னும் எவ்வளவு நேரம்? இதற்கு ஏன் வந்தோம், வீட்டில் துவைக்கிற துணியெல்லாம் கிடக்கிறதே, அந்தத் தோழிக்காக வந்ததுதானே என்று ஒன்றன்பின் ஒன்றாக வரும். இத்தனை நாள் வேலையில் மூழ்கடித்து வைத்திருந்த துக்கமோ கோபமோ ஏதாவது இருந்தால், அது மேலே வருவதும் இந்த நேரத்தில்தான்.

இது உங்களுக்கு மட்டும் வருவதில்லை. எகிப்துப் பாலைவனத்தில் வாழ்ந்து 399இல் இறந்த எவாக்ரியுஸ் என்ற துறவி இதை அப்படியே எழுதி வைத்திருக்கிறார். பொழுது நகரவே நகராது, ஒரு நாளுக்கு ஐம்பது மணி நேரம் இருப்பதுபோல் தோன்றும், துறவி அறையை விட்டு வெளியே வந்து சாப்பாட்டு வேளை ஆகிவிட்டதா என்று சூரியனைப் பார்ப்பார், யாராவது வருகிறார்களா என்று எட்டிப் பார்ப்பார், இருக்கிற இடத்தின்மேலேயே வெறுப்பு வரும் என்கிறார். அவர் இதை மத்தியானப் பேய் என்றார். 91ஆம் சங்கீதத்தில் "மத்தியானத்தில் பாழாக்கும் சங்காரம்" என்று வருகிறதே, அதையே இதற்குப் பொருத்தினார்கள். ஆயிரத்து அறுநூறு வருஷத்துக்கு முன் ஒருவர் சூரியனைப் பார்த்தார், நாம் வாட்சைப் பார்க்கிறோம். எனக்கு இதை ஒரு ஃபாதர் சொன்ன அன்று, தோளில் இருந்து ஒரு மூட்டையை இறக்கி வைத்தது போல இருந்தது.

இதற்கு இஞ்ஞாசியார் சொல்லும் மருந்து ஒன்று உண்டு, நானும் கடைப்பிடிக்கிறேன். ஒரு மணி நேரம் என்று தீர்மானித்து உட்கார்ந்தவர், மனம் வறண்டு ஓடச் சொல்லும்போது அந்த ஒரு மணியை முடித்து, அதற்கு மேலும் கொஞ்சம் இருக்க வேண்டும். ஐந்து நிமிஷம் போதும். அதோடு, அப்படி வறண்ட வேளையில் பழைய தீர்மானம் எதையும் மாற்றக் கூடாது என்பார். வேலையை விடுவது, உறவை முறிப்பது, வீட்டுக்குக் கிளம்புவது எதுவாக இருந்தாலும் சரி, சனி மத்தியானம் மூன்று மணிக்கு முடிவு செய்யாதீர்கள். நாலு மணிக்கு டீ குடித்துவிட்டு ஒரு சுற்று நடந்து வாருங்கள்.

இங்கேதான் கூட இருக்கிறவர்கள் வருகிறார்கள். இந்தப் பதிலில் நான் முக்கியமாகச் சொல்ல வந்ததும் அதுதான். தியானம் தனியாள் காரியம், கூட்டம் என்பது அதற்கு வெளியே இருக்கும் சிநேகம் என்று பலர் நினைக்கிறார்கள். என் அனுபவத்தில் அப்படி இல்லை. அதே அரை மணி நேரம் வீட்டில் தனியாக உட்கார்ந்தால் பத்தாவது நிமிஷம் எழுந்து கேஸை அணைக்கப் போய்விடுவேன். இருபத்தைந்து பேர் ஒரே அறையில் அசையாமல் உட்கார்ந்திருக்கும்போது எழ மனசு வருவதில்லை. பக்கத்தில் இருப்பவரின் மூச்சு என்னையும் உட்கார வைக்கிறது. அவரும் என்னை நம்பித்தான் உட்கார்ந்திருக்கிறார்.

சாப்பாட்டு அறையில் இதைக் கண்ணாலேயே பார்க்கலாம். யாரும் பேசக் கூடாது, அதனால் கேட்கவும் முடியாது. எதிரே இருக்கிறவர் தட்டைப் பார்த்துக்கொண்டே இருக்க வேண்டியிருக்கிறது. ரசம் தீர்ந்ததா, மோர் வேண்டுமா என்று. ஒரு முறை எனக்கு எதிரே வயதான ஒரு ஐயா உட்கார்ந்திருந்தார். வலது கை நடுக்கம். முதல் வேளை அவர் தட்டில் இருந்து சோறு மேசையில் சிந்திக்கொண்டே இருந்தது, அவர் தலை குனிந்தே இருந்தார். அடுத்த வேளை அவர் இடத்தில் தட்டுக்குப் பதில் விளிம்பு உயர்ந்த ஒரு கிண்ணமும் ஸ்பூனும் இருந்தன. யார் வைத்தார்கள் என்று இன்று வரை தெரியாது. அவர் அதைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டே நின்றார். பிறகு மேசையைச் சுற்றி எங்கள் ஒவ்வொருவர் முகத்தையும் பார்த்துவிட்டு உட்கார்ந்தார். பேச அனுமதி இருந்திருந்தால், 'ஐயா, கிண்ணம் கொண்டு வரட்டுமா' என்று யாராவது எல்லோர் முன்னாலும் கேட்டிருப்போம். அவரும் வேண்டாம் என்றிருப்பார்.

உங்கள் ஊர் அசன பண்டிகையை நினைத்துக்கொள்ளுங்கள். சபை முழுக்க வரிசையாக உட்கார்ந்து ஒரே சோறு சாப்பிடும்போது, யார் பெரியவர் யார் சின்னவர் என்பது அந்தப் பந்தியில் மறைந்துபோகிறது. அதையே சத்தமில்லாமல் நான்கு வேளை சாப்பிட்டால் எப்படி இருக்கும்? ஞாயிறு மத்தியானம் மௌனம் கலையும்போது, பெயரே தெரியாத ஆட்களிடம் பத்து வருஷம் பழகியவர்கள் போலப் பேசிக்கொண்டிருப்பீர்கள்.

பகிர்வு வட்டத்தைப் பற்றி ஒரு வார்த்தை. யாரும் பேசியே ஆக வேண்டும் என்று இல்லை. 'நன்றி, நான் கேட்டுக்கொண்டிருக்கிறேன்' என்று சொல்லிவிட்டுக் கடந்துவிடலாம். பேசுகிறவருக்கு யாரும் ஆலோசனை சொல்லக் கூடாது, இடைமறிக்கக் கூடாது. அங்கே கேட்டதை வெளியே சொல்லக் கூடாது. சில வருஷம் முன்பு ஒரு பெண் சனி இரவு முழுக்க ஜெப அறையில் பின்வரிசையில் உட்கார்ந்து அழுதுகொண்டிருந்தார். யாரும் போய்த் தோளைத் தொடவில்லை, ஏன் என்று கேட்கவில்லை. ஒரு சிஸ்டர் மட்டும் அவர் நாற்காலிக்குப் பக்கத்தில் ஒரு டம்ளர் தண்ணீரை வைத்துவிட்டு, நான்கு நாற்காலி தள்ளி உட்கார்ந்து, அவர் எழும் வரை தானும் எழாமல் இருந்தார். ஞாயிற்றுக்கிழமை அந்தப் பெண் வட்டத்தில் பேசினார். என்ன பேசினார் என்பதை நான் இங்கே எழுத மாட்டேன்.

நடுவில் ஒரு முறை, பதினைந்து இருபது நிமிஷம், வழிகாட்டுகிறவரைத் தனியாகச் சந்திக்கச் சொல்வார்கள். இது குருவிடம் பாவத்தை அறிக்கையிடுகிற பாவசங்கீர்த்தனம் இல்லை. அது தனி, அது கத்தோலிக்கருக்கு. உங்களைக் கட்டாயப்படுத்த மாட்டார்கள். இந்தச் சந்திப்பில் ஜெபத்தில் என்ன நடந்தது என்று மட்டும் சொன்னால் போதும். ஒன்றும் நடக்கவில்லை என்பதும் சொல்ல வேண்டிய விஷயம்தான். நல்ல வழிகாட்டி அதிகம் பேச மாட்டார். படைத்தவருக்கும் படைக்கப்பட்டவருக்கும் நடுவில் தான் நுழையக் கூடாது என்பது இஞ்ஞாசியார் வழிகாட்டிகளுக்கு வைத்த விதி. உங்களை ஒரு முடிவை நோக்கித் தள்ளுகிறவர், பொருத்தனை செய்யச் சொல்கிறவர், காணிக்கையை வற்புறுத்துகிறவர் யாராக இருந்தாலும் தயங்காமல் எழுந்து வந்துவிடுங்கள். ஒரு முறை நான் போன ஓர் இடத்தில் ஒரே நாளில் ஆறு பிரசங்கம் வைத்தார்கள், தனியாக இருக்கக் கால் மணி நேரம்கூட இல்லை. நோட்டு முழுக்க எழுதிக்கொண்டு வந்தேன், ஜெபிக்கவே இல்லை. அதனால் போவதற்கு முன்பே தோழியிடம் கேளுங்கள்: எத்தனை உரை, எவ்வளவு நேரம் தனியாக விடுவார்கள், யார் நடத்துகிறார்கள்.

கத்தோலிக்க வீட்டுக்குப் போகிற சி.எஸ்.ஐ.காரருக்கு வருத்தம் தரக்கூடிய ஓர் இடம் உண்டு, முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன். திருப்பலியில் நற்கருணை வாங்குவது கத்தோலிக்கருக்கு மட்டும் என்பது எங்கள் திருச்சபையின் ஒழுங்கு. மற்றவர்கள் எழுந்து போகும்போது நீங்கள் உட்கார்ந்திருக்கலாம். பல இடங்களில் கைகளை மார்பில் குறுக்காக வைத்துக்கொண்டு வரிசையில் போனால் ஆசீர்வாதம் கொடுப்பார்கள். ஃபாதரிடம் முதல் நாளே கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். என் மனைவி முதல் முறை வந்தபோது இது தெரியாமல் வரிசையில் நின்று, திரும்பி வந்து உட்கார்ந்து அழுதார். அவரை முன்பே எச்சரிக்காதது என் தவறு. பக்கத்தில் உட்கார்ந்திருந்தும் ஒரே பந்தியில் கை நனைக்க முடியாத அந்த வலி எனக்கும் இருக்கிறது, இன்றைக்கும் அதற்காக ஜெபிக்கிறேன்.

எங்கே போவது என்று உங்களுக்குத் தோழி ஏற்கெனவே சொல்லியிருப்பார். பிற்பாடு தேவைப்பட்டால் சில இடங்கள். சென்னையிலேயே மந்தைவெளியில் இயேசு சபையினரின் தியான ஆசிரமம் இருக்கிறது. குளித்தலைக்குப் பக்கத்தில் தண்ணீர்ப்பள்ளியில், காவிரிக் கரையில், சாந்திவனம் என்ற ஆசிரமம் இருக்கிறது. பிரான்சில் இருந்து வந்த மோன்ஷனேன், லெ சோ என்ற இரண்டு குருக்கள் 1950இல் தொடங்கியது. லெ சோவைத்தான் அபிஷிக்தானந்தர் என்பார்கள். 1968இல் அங்கே வந்து சேர்ந்த ஆங்கிலேயத் துறவி பீட் கிரிஃபித்ஸ், 1993இல் இறக்கும் வரை அங்கேயே வாழ்ந்தார். கோயில் நம் ஊர்க் கோயில் அமைப்பிலேயே இருக்கும், தரையில்தான் உட்கார வேண்டும். காலை ஜெபத்தில் சந்தனம், மதியம் குங்குமம், மாலை திருநீறு கொடுப்பார்கள், உபநிடதமும் வாசிப்பார்கள். சூரிய உதயத்திலும் அஸ்தமனத்திலும் தியானம். அந்தக் கரையில் உட்கார்ந்த மாலைகளை என்னால் மறக்க முடியாது. ஆனால் அம்மா இப்போதே கலங்குகிறார் என்றால், முதல் முறையே அங்கே போக வேண்டாம். கொடைக்கானல் மலையில் பெருமாள்மலையில் இயேசு சபைத் துறவி அருள் மரியா ஆரோக்கியசாமி 1996இல் தொடங்கிய போதி ஜென்டோ என்ற தியான மையமும் அப்படித்தான். அது ஜென் என்ற பௌத்தத் தியான முறை. கடுமையான மௌனம், பழகியவர்களுக்கானது.

கேரளத்தில் சாலக்குடிக்குப் பக்கத்தில் வின்சென்ஷியன் சபையினர் நடத்தும், நம் ஆட்கள் 'போட்டா தியானம்' என்று சொல்லும் பெரிய மையம் வேறு வகை. ஆயிரக்கணக்கில் கூட்டம், பாட்டு, பிரசங்கம், குணமளிக்கும் ஜெபம். உங்கள் கன்வென்ஷனுக்கு நெருக்கமாக இருக்கும். அங்கே போய் வாழ்க்கை மாறியவர்களை எனக்குத் தெரியும். மௌனம் தேடிப் போகிறவர்களுக்கு அது பொருந்தாது, அவ்வளவுதான்.

ஆசிரமம் என்றாலே கத்தோலிக்கர் வழக்கம் என்று அம்மா நினைத்தால், திருப்பத்தூர் கிறிஸ்துகுல ஆசிரமத்தைச் சொல்லுங்கள். டாக்டர் சவரிராயன் யேசுதாசனும் ஸ்காட்லாந்தில் இருந்து வந்த டாக்டர் ஃபாரஸ்டர் பேட்டனும் 1921இல் தொடங்கியது. இரண்டு பேருமே புராட்டஸ்டண்டுகள். கதர் உடுத்தி, ஏழைகளுக்கு வைத்தியம் பார்த்து, ஜெபித்து வாழ்ந்தார்கள். பெரியண்ணன், சின்னண்ணன் என்றுதான் ஊர் அவர்களைக் கூப்பிட்டது.

சில விஷயங்களில் கவனம் வேண்டும். மனநலத்துக்கு மாத்திரை எடுப்பவர், சமீபத்தில் வீட்டில் சாவு நடந்தவர், தூக்கமே வராமல் தவிப்பவர் என்றால், பதிவு செய்யும்போதே வழிகாட்டுகிறவரிடம் சொல்லிவிடுங்கள், டாக்டரையும் கேளுங்கள். மௌனம் சிலருக்குச் சில காலம் பாரமாகிவிடும். ஆறு மாதம் தள்ளிப் போவதில் தவறு ஒன்றும் இல்லை. மாத்திரையை எந்தக் காரணத்துக்காகவும் நிறுத்தாதீர்கள். சர்க்கரை உள்ளவர்கள் சாப்பாட்டு நேரத்தைக் கேட்டுவிட்டு, பிஸ்கட் பாக்கெட் ஒன்று கையில் வைத்திருக்கட்டும்.

போனை அலுவலகத்தில் கொடுத்துவிடுங்கள். அறையில் அணைத்து வைத்திருந்தாலும் அது கூப்பிட்டுக்கொண்டே இருக்கும். அவசரம் என்றால் கூப்பிட, அந்த வீட்டின் அலுவலக எண்ணை அம்மாவிடம் கொடுங்கள். அவருக்கும் அது நிம்மதி. படிக்க வேதாகமம் தவிர வேறு புத்தகம் எடுக்காதீர்கள். சனி மத்தியானம் மூன்று மணிக்கு அந்தப் புத்தகத்தைத்தான் கை தேடும். எழுத ஒரு சின்ன நோட்டு போதும்.

பேசாமல் இருக்க முடியுமா என்ற உங்கள் கேள்விக்கு இன்னும் நேராகப் பதில் சொல்லவில்லை. முடியும். வாய் பேசாமல் இருப்பது சனிக்கிழமை காலைக்குள் பழகிவிடும். எத்தனையோ பேர், ஒன்றும் பேச வேண்டியதில்லை என்பதே பெரிய ஓய்வாக இருந்தது என்றுதான் சொல்கிறார்கள், முக்கியமாக வீட்டிலும் ஆபீசிலும் நாள் முழுக்கப் பதில் சொல்லிக்கொண்டே இருக்கும் பெண்கள். உள்ளே ஓடுகிற பேச்சு நிற்க நாளாகும். இருபது வருஷமாகியும் எனக்கு முழுசாக நின்றதில்லை. சொல்லுக்குத் திரும்பி வருகிறேன்.

திரும்பி வந்ததும் திங்கட்கிழமை காலை இருபது நிமிஷம், அதே சொல்லோடு உட்காருங்கள். தோழியையும் கூட்டிக்கொண்டு வாரத்தில் ஒரு நாள் யார் வீட்டிலாவது சேர்ந்து உட்கார முடிந்தால் இன்னும் நல்லது, இரண்டு பேர் இருந்தாலே போதும். அம்மா ஊரில் இருந்து வரும்போது அவரையும் பக்கத்தில் உட்கார வையுங்கள், அவர் முதலாம் சங்கீதத்தையே முணுமுணுக்கட்டும்.

வெள்ளிக்கிழமை ஆபீசில் இருந்து கொஞ்சம் சீக்கிரமே கிளம்பிவிடுங்கள், டிராஃபிக்கில் மாட்டி ஓடி வந்து சேர்ந்தால் அந்த இரவு அமைதி பிடிக்காது. பையில் ஒரு சால்வை எடுத்து வையுங்கள். காலை ஆறு மணிக்கு ஜெப அறைத் தரை சில்லென்று இருக்கும்.